ஹாலில் ஒரு பச்சைச் சேலை

"ஐயோ... புவனா...!"

அவிநாசி. கல்யாண மண்டபம். மதியப் பந்தி.

அலறல் கேட்டு, ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு அப்படியே நின்றார். ரசம் நிற்கவில்லை. பக்கத்து இலையைத் தாண்டி ஓடியது.

அலறியவர் தம்பிதுரை. வயது ஐம்பத்தெட்டு. கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓனர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வலது கையில் சாம்பார் சாதம். இடது கையில் செல்போன்.

செல்போனுக்குள்...

ஒரு பிணம்!

முதல் பக்கத்திலேயே பிணம் விழுந்துவிட்டது. இனி எனக்குக் கொஞ்சம் நிம்மதி. பிணம் தாமதமானால் புத்தகத்தை பஸ் சீட்டிலேயே போட்டுவிட்டு உக்கடத்தில் இறங்கிப் போய்விடுகிற வாசகர்கள் எனக்கு நிறைய உண்டு.

பிணம் எப்படி செல்போனுக்குள் வந்தது? அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அதிகமில்லை. இலை போட்ட நேரத்துக்குப் போனால் போதும்.

அப்போதுதான் தம்பிதுரையின் போன் அடித்தது. மகன் கவின். ஜெர்மனியில் என்ஜினியர்.

"ஏனுங்கப்பா, மண்டபத்துல சிக்னல் இருக்குதுங்களா?"

"ஒரு கோடு இருக்குது. சொல்லு கண்ணு."

"கேமரா ஆப் இறக்கியாச்சுங்களா?"

"காத்தாலயே இறக்கிப்போட்டேன். அது என்னென்னமோ கேக்குது. என்ற எடத்தக் கேக்குது, போட்டோவக் கேக்குது, மைக்கக் கேக்குது. எல்லாத்துக்கும் சரின்னு குடுத்துப்போட்டேன்."

"எல்லாத்துக்குமுங்களா?"

"கேக்கறவிங்களுக்கு இல்லைன்னு சொல்லி நமக்குப் பழக்கமில்லையே."

ஜெர்மனியில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"சரிங்கப்பா. இப்ப நம்ம ஊட்டு ரெக்கார்டர அதுல சேக்கோணும். பொட்டி மேல கட்டம் கட்டமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க."

"பொட்டி ஊட்டுல இருக்குது. நான் பந்தில இருக்கேன்."

"கேமரா மாட்டுனவரு அதப் போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பியிருப்பாருங்க. தேடுங்க."

தம்பிதுரை இடது கைக் கட்டைவிரலால் தேடினார். பழைய பில், பழைய காலை வணக்கம், யாரோ ஒருவரின் காதுகுத்து. எல்லாம் தாண்டிக் கிடைத்தது.

"கவினு, ரெண்டு போட்டோ இருக்குது."

"எது நம்முளுதுங்க?"

"ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்குது. மொதல்ல இருக்கறதப் போட்டுப்போட்டேன். பாஸ்வேர்டு கேக்குது."

"அவரு வெச்சுக் குடுத்தத மாத்தவேயில்லீங்களா?"

"ஏன் மாத்தறது? அவரு வெச்சதே நல்லாத்தான் இருக்குது."

கவின் அதற்கு மேல் பேசவில்லை. படித்த பிள்ளைகள் அப்பாவிடம் எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

உண்மையில் தம்பிதுரைக்கு இந்தக் கேமராவில் இதுவரை அக்கறையே இருந்ததில்லை. இன்று மட்டும் ஏன் இந்த அவசரம்?

காலையில் புவனா குளித்து, பச்சைச் சேலை கட்டி, கிளம்பித் தயாராக வந்து நின்றாள். "நீ வந்து என்ன பண்ணப்போற? ஊட்டப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இவர் மட்டும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவள் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதுதான் வழியெல்லாம் அவரை உறுத்தியது. தோட்டத்து வீடு. சுற்றிலும் தென்னை. அவள் தனியாக இருக்கிறாள். போன் பண்ணிப் பேச வீம்பு விடவில்லை. சரி, கேமராவிலாவது பார்ப்போம் என்று நினைத்தார்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது... சுற்றியது...

படம் வந்தது.

அதே ஹால். அதே மெரூன் சோபா. அதே கண்ணாடி டீப்பாய்.

சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே... ஒரு பெண். குப்புற விழுந்து கிடந்தாள். அசைவில்லை.

பச்சைச் சேலை!

அலறினார். அலறும்போது அவருடைய கட்டைவிரல் திரையில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. எல்லாம் தெரிந்தவன் என்ற ஹோதாவில் கதை சொல்லும் நானும் கவனிக்கவில்லை.

"அப்பா, என்னாச்சுங்க? அம்மாவுக்கு என்ன?" லைனில் இருந்த கவின் பதறினான்.

அவர் பதில் சொல்வதற்குள் திரையில் இன்னொரு உருவம் நுழைந்துவிட்டது.

சமையலறை வழியாக ஓடி வந்தது. பனியன். லுங்கி. கையில் தென்னை மட்டை வெட்டுகிற கொடுவாள். விழுந்து கிடந்தவளின் தலைமாட்டில் வந்து நின்றது. முகம் தெரிந்தது.

சென்னியப்பன்!

தம்பிதுரையின் சொந்த அண்ணன். பக்கத்து வீடு. இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. அண்ணன் எல்லையோரமாக ஒரு போர்வெல் போட்டார். தம்பியின் கிணறு வற்றியது. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

கொடுவாள் லேசாக மேலே எழுந்தது...

படம் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு கோடு சிக்னலும் போய்விட்டது!

* * *

"சார், போனக் குடுங்க."

இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். பட்டுச் சேலை, தலையில் மல்லிகை. பெண் வீட்டுக்குச் சொந்தம். பெயர் கயல்விழி. உத்தியோகம், சப்-இன்ஸ்பெக்டர். என் கதைகளில் போலீஸ் எப்போதும் தாமதமாகத்தான் வரும். இந்த முறை மட்டும் அதே பந்தியிலேயே இருந்தது. கதை சுமாராக இருந்தாலும் எனக்கு இப்படி அதிர்ஷ்டம் அடித்துவிடும்.

உறைந்து நின்ற படத்தைப் பார்த்தாள். முகம் மாறியது. தன் போனில் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

"இது யாருங்க?"

"என்ற சம்சாரம்... அது என்ற அண்ணன்."

"சண்டையா?"

"போர்வெல்லுங்க."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்தப் பக்கத்து போலீஸுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

"கார் சாவியக் குடுங்க. நான் ஓட்டறேன். நீங்க ஊட்டுக்குப் போன் போடுங்க."

கார் அவிநாசி ரோட்டில் பறந்தது. கயல்விழி ஒரு கையால் ஸ்டீயரிங், மறு கையால் ஸ்டேஷனுக்குப் போன். தம்பிதுரை புவனாவின் எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டார்.

மணி அடித்தது. எடுக்கவில்லை.

மறுபடி. எடுக்கவில்லை.

"வாரேன்னு சொன்னாளுங்க மேடம்... பொறப்பட்டு நின்னாளுங்க. நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். கூட்டிட்டு வந்திருந்தா இந்நேரம் என்ற பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்திருப்பா."

"அழுகாதீங்க சார். தைரியமா இருங்க."

"முப்பது வருஷமா ஒரு நாள்கூட அவளை நல்லா இருக்கியான்னு கேட்டதில்லீங்க. கேக்கோணும்னே தோணல."

அவர் வாய்விட்டு அழுதார். சாம்பார் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அழுதார்.

இந்த இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. அதே சமயம், கொலைகாரனை இவ்வளவு சீக்கிரம் காட்டிவிட்டோமே, மீதிப் பக்கத்துக்கு என்ன செய்வது என்ற கவலையும் இருந்தது. இரண்டும் உண்மை.

போன் அடித்தது.

திரையில் பெயர்...

புவனா!

தம்பிதுரை போனை நழுவவிட்டு, குனிந்து தேடி, எடுத்துக் காதில் வைத்தார்.

"ஏனுங்க, இத்தன தடவ கூப்புட்டிருக்கீங்க? நான் மொட்டமாடில தேங்கா காயப்போட்டுட்டு இருந்தேன். சாப்புட்டாச்சுங்களா?"

"பு... புவனா?"

"நாந்தானுங்க. வேற யாரு எடுப்பா?"

"நீ நல்லா இருக்கியா?"



"ஏனுங்க, உங்களுக்கு ஒடம்பு ஏதாச்சும் சரியில்லீங்களா?"

கயல்விழி காரை ஓரம் கட்டினாள்.

பிணம் போன் பண்ணி, சாப்பிட்டாச்சா என்று கேட்கிறது. க்ரைம் கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு இல்லை. பேனாவை மூடி வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

"சார்... அப்ப இது யாரு?" கயல்விழி தன் போனில் இருந்த படத்தை நீட்டினாள். "உங்க ஊடுதானுங்களே?"

தம்பிதுரை ரீடிங் கிளாஸைப் போட்டுக்கொண்டார். அழுகிற அவசரத்தில் அதுவரை போடவேயில்லை.

சோபா அதேதான். டீப்பாய் அதேதான். சுவரில் இருந்த படம் மட்டும் வேறு. தம்பிதுரை வீட்டுச் சுவரில் கவினின் பட்டமளிப்பு போட்டோ. இந்தச் சுவரில் அண்ணன் மகளின் கல்யாண போட்டோ.



"இது எங்கூடு இல்லீங்க. அண்ணனூடு."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குமுங்களா?"

"பேச்சு வார்த்த இருந்தப்பக் கட்டுனதுங்க. ஒரே பிளான், ஒரே மேஸ்திரி. சேத்து வாங்குனா ரேட்டு கொறையும்னு டைல்ஸ், சோபா, டீப்பாய் எல்லாம் ரெண்டு ரெண்டா வாங்குனோம். கேமராவும் அப்புடித்தான்."

"பாஸ்வேர்டு?"

"ஒரே குடும்பந்தானுங்களேன்னு மாட்டுனவரு ரெண்டுக்கும் ஒண்ணே வெச்சுப்போட்டாரு."

"அந்தச் சேலையுமா?"

"அம்மா இருந்தவரைக்கும் மருமகளுக ரெண்டு பேருக்கும் ஒரே சேலதான் எடுப்பாங்க. ஒருத்திக்குக் கூட, ஒருத்திக்குக் கொறைன்னு பேச்சு வரக்கூடாதுன்னு."

வீட்டில் சண்டை வரக்கூடாது என்று ஒரு குடும்பமே திட்டம் போட்டு வாழ்ந்திருக்கிறது. போர்வெல்லை மட்டும் சேர்த்துப் போடவில்லை.

"அப்ப கெடக்கறது..."

"பழனாத்தா அண்ணிங்க." தம்பிதுரையின் குரல் உடைந்தது. "எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே எங்க குடும்பத்துக்கு வந்தவிங்க. எனக்குச் சோறு போட்டவிங்க."

போன் இன்னும் காதில்தான் இருந்தது. புவனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, அக்காவுக்கு என்ன?"

"புவனா, நீ அங்க போகாத. அண்ணன் கையில கொடுவாள் இருக்குது. கதவச் சாத்திட்டு உள்ளயே இரு. நாங்க வந்துட்டே இருக்கோம்."

"அக்கா உழுந்து கெடக்கறாங்கன்னு சொல்றீங்க. நான் கதவச் சாத்திட்டு உக்காந்திருக்கறதுங்களா?"

"சொல்றதக் கேளு."

"காத்தாலயும் நீங்க சொன்னதத்தான் கேட்டேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

கயல்விழி காரைக் கிளப்பினாள். இந்த முறை இன்னும் வேகமாக.

* * *

தென்னந்தோப்புக்குள் இரட்டை வீடுகள். ஒரே நிறம், ஒரே கேட். முதல் வீட்டின் கதவு விரியத் திறந்து கிடந்தது.

தம்பிதுரை ஓடினார். வாசற்படியில் ஒரு கணம் தயங்கினார். இரண்டு வருஷமாக மிதிக்காத படி. அப்புறம் ஏறிவிட்டார்.

உள்ளே...

பழனாத்தாளின் தலை புவனாவின் மடியில் இருந்தது. நெற்றியில் ரத்தம். கண் மூடியிருந்தது. சென்னியப்பன் பக்கத்தில் மண்டிபோட்டு, மனைவியின் உள்ளங்காலைச் சூடு வரத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கொடுவாளக் கீழ போடுங்க," என்றாள் கயல்விழி.

"நான் வந்தப்பவே அது கீழதானுங்க கெடந்துச்சு," என்றாள் புவனா. "அக்கா இன்னைக்குக் கிருத்திகைக்குப் பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. தல சுத்தி உழுந்து டீப்பாய்ல மண்ட இடிச்சிருக்குது. மாமாவுக்குக் கை காலு ஓடல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கு, இன்னும் வரல. இவிங்க கார் சர்வீஸுக்குப் போயிருக்குது."

"மூச்சு இருக்குதா?"

"இருக்குதுங்க. வெரசலாப் போகோணும்."

சென்னியப்பன் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். பேசுவதற்கு இருவருக்கும் இரண்டு வருஷத்து விஷயம் இருந்தது.

"காலப் புடிங்கண்ணா," என்றார் தம்பிதுரை. "நான் தோளப் புடிக்கறேன்."

* * *

ஆஸ்பத்திரி வராந்தா.

டாக்டர் வெளியே வந்தார். "பயமில்லைங்க. தையல் போட்டாச்சு. உள்ள ரத்தக்கசிவு ஆரம்பிச்சிருந்தது, புடிச்சுட்டோம். சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடந்திருந்தா நான் வேற மாதிரிப் பேசவேண்டியிருக்கும்."

சென்னியப்பன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். தம்பிதுரையும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில மட்ட வெட்டிட்டு இருந்தேன்," என்றார் சென்னியப்பன். "பொழுது சாயாம உள்ள வந்திருக்க மாட்டேன். திடீர்னு ஹால்ல உன்ற சத்தம். ஐயோன்னு. ரெண்டு வருஷமா எங்கூட்டுக்குள்ள கேக்காத சத்தம். கையில இருக்கறதக் கீழ வெக்கத் தோணுமா? அப்புடியே ஓடியாந்தேன். வந்தா நீ இல்ல. இவ கெடக்கறா. எவனோ உள்ள பூந்து அடிச்சுப்போட்டான்னு கொடுவாளத் தூக்கிச் சுத்திப் பாத்தேன், ஒருத்தருமில்ல."

"கேமராவுல ஸ்பீக்கர் இருக்குதுங்க," என்றாள் கயல்விழி. "இவரு பந்தில அலறுனப்போ மைக் பட்டன அமுத்தியிருக்காரு."

அந்த அலறல்தான் ஒரு உயிரைக் காப்பாற்றியது. முதல் பக்கத்தில் அதை வெறும் பரபரப்புக்காகப் போட்ட எனக்கு இதில் எந்தப் பெருமையும் சேராது.

கொலை இல்லை. கொலைகாரன் இல்லை. பிணம் உள்ளே படுத்துக்கொண்டு இளநீர் கேட்கிறது. இந்தக் கதைக்கு அட்டையில் க்ரைம் என்று போட்டது யார் என்று நீங்கள் கேட்கலாம்.

கொஞ்சம் பொறுங்கள்.

கயல்விழி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"தம்பிதுரை சார். ஒரு விஷயம். குத்தம் ஒண்ணு நடந்திருக்குது."

"என்னதுங்க?"

"அடுத்தவங்க ஊட்டுக் கேமராவ, அவிங்களுக்குத் தெரியாம தொறந்து உள்ள பாத்திருக்கீங்க. பொம்பளைங்க இருக்கற ஊடு. தெரியாமத்தான் செஞ்சேன்னு நீங்க சொல்லலாம். ஆனா பேச்சு வார்த்த இல்லாத ஊடு. புகார் வந்தா நான் எழுதித்தான் ஆகோணும்."

தம்பிதுரைக்கு வேர்த்துவிட்டது.

ஆக, இந்தக் கதையின் ஒரே குற்றவாளி நம் கதாநாயகன்தான்!

"ஐயா, நீங்க சொல்லுங்க." அவள் சென்னியப்பன் பக்கம் திரும்பினாள். "புகார் குடுக்கறீங்களா?"

சென்னியப்பன் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.  புவனா சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்க முடியாதுங்க அம்மணி."

"தம்பிங்கறதாலயா?"

"அதில்லீங்க. குடுத்தா என்ற மேலயும் ஒரு கேஸு போடோணும்."

பனியனுக்கு மேல் அவசரமாக மாட்டியிருந்த சட்டையின் பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு ஆப்பைத் திறந்தார். திரையில் இரண்டு கட்டம். ஒன்றில் அவர் வீட்டு ஹால்.

இன்னொன்றில்... தம்பிதுரை வீட்டு ஹால்!

"அண்ணா...?"

"மாட்டுனவரு ரெண்டு போட்டோவையும் எனக்குந்தானே அனுப்புனாரு. எம்பட புள்ள ரெண்டையும் சேத்துப் போட்டுக் குடுத்துருச்சு. அப்பறம் சண்ட வந்துச்சு. அழிச்சுப்போடோணும்னுதான் நெனச்சேன்."

"அப்புறம் ஏனுங்க அழிக்கல?"

"போன வருஷம் உனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்க." சென்னியப்பனின் குரல் கரகரத்தது. "ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்க வீம்பு உடல. புவனாகிட்டக் கேக்கவும் வெக்கம். அன்னைல இருந்து தெனமும் காத்தால நீ எந்திரிச்சு வந்து டேபிள்ல உக்காந்து காப்பி குடிக்கறதப் பாத்துப்போட்டுத்தான் நான் பல்லே வெளக்குவேன். ஒரு நாள் நீ லேட்டா எந்திரிச்ச. அன்னைக்கு நான் வேலி வரைக்கும் வந்துபோட்டேன்."

தம்பிதுரை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காரில் அழுததைவிட அதிகமாகவே அழுதார். அண்ணனும் அழுதார். வராந்தாவில் போன நர்ஸ், உள்ளே இருப்பவர் போய்விட்டார் என்று நினைத்து ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள்.

கயல்விழி பேனாவைக் கைப்பைக்குள் போட்டாள்.

"அப்ப புகார் ஒண்ணும் இல்லீங்களே? நான் போய்ப் பாதி சாப்பாட்ட முடிச்சுக்கறேன்."

"ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க அம்மணி," என்றார் சென்னியப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சக்கரையே ஆகாதுன்னு இவனுக்கு டாக்டரு சொல்லியிருக்காரு. புவனா வெறுங்காப்பி வெச்சுக் குடுத்துட்டு அந்தப் பக்கம் போன ஒடனே இவன் டப்பாவத் தொறந்து மூணு கரண்டி அள்ளிப் போட்டுக்கறான். தெனமும். என்றகிட்ட ரெக்கார்டிங் இருக்குதுங்க."

புவனா மெதுவாகத் திரும்பினாள்.

தம்பிதுரை அண்ணனின் கையை விட்டார்.

அன்று மாலையே சர்க்கரை டப்பா பீரோவுக்குள் போனது. இதுவரை ஜாமீன் கிடைக்கவில்லை.